எந்தப் பக்கம் பிடிக்கும்?

எங்கள் நூலகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் இருந்தன. அவற்றில் இரண்டாம் பாகம் மட்டும் மூன்று முறை பைண்டிங்கிற்குப் போய் வந்தது. முதல் பாகத்தின் முதுகு கொஞ்சம் தளர்ந்திருக்கும். நான்காவதும் ஐந்தாவதும் வாங்கிய மெருகு குலையாமல் நிற்கும். இரண்டாம் பாகத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரே உறுப்பினர் எண், ஓராண்டில் ஒன்பது முறை.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாசனத்தில் உள்ள ஓர் ஊரின் நூலகம் அது. பத்தொன்பது ஆண்டுகள் அங்கே நூலகராக இருந்தேன். அந்த எண்ணுக்கு உரியவர் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண். இடுப்பில் குழந்தையோடு வருவார். ஐந்து நிமிடம்கூட நிற்க மாட்டார். “முதல் பாகத்தை விட்டுவிட்டு இதையே எடுத்துப் போகிறாயே அம்மா, கதைத் தொடர்ச்சி வேண்டாமா?” என்று கேட்டேன்.

“கதை தெரியும் அக்கா. எனக்குப் பூங்குழலி இருந்தால் போதும்.”

‘சுழற்காற்று’ என்ற அந்த இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே பூங்குழலிதான். கோடிக்கரைக் கடலில் தன்னந்தனியாகப் படகு விடுகிறவள். கோடிக்கரை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் அன்றே திரும்பிவிடக்கூடிய தூரம். இந்தப் பெண் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அப்பா, அண்ணன், கணவர் என்று யாராவது உடன் வராமல் மன்னார்குடிக் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை.

மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, 1950 முதல் தொடராக எழுதிய கதை அது. ஆடிப்பெருக்கு நாளில், வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. டெல்டாக்காரர்களிடம் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயரும் அதுதான். ஆகவே அந்தப் பதிலை வைத்து ஓர் ஆளைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதே கதையை விரும்பிய டீக்கடைக்காரர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவருக்குப் பிடித்தது ஆழ்வார்க்கடியான். கடையில் யாரோடாவது ஒரு விவாதத்தைத் தொடங்காமல் அவருக்குப் பொழுது விடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவருக்குச் சேந்தன் அமுதன். யாருக்கும் தொந்தரவு தராமல் ஓர் ஓரமாக இருந்து நல்லது செய்துவிட்டுப் போகிற மனிதர் அவர். கல்லூரி மாணவி ஒருத்தி நந்தினியைத் தவிர வேறு யாரையும் பற்றிப் பேச மாட்டாள். அவளுக்குள் என்ன காயம் இருந்ததோ, நான் கேட்கவில்லை. புத்தகம் ஒன்றுதான். அதற்குள் ஒவ்வொருவரும் போய் உட்கார்ந்துகொள்ளும் திண்ணை வேறு.

அதற்குப் பிறகுதான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “எந்தப் புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். “அதில் எந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்கள்?” என்று கேட்டால் அந்த மனிதரே கிடைப்பார்.

பெயரைச் சொல்வதில் எவ்வளவு மறைக்கலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானே மறைத்திருக்கிறேன். கும்பகோணத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பெண் நூலகப் படிப்பு படித்தவள் என்பதால் மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்: “உனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் எது அம்மா?” உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ என்றேன். அவர் முகம் மலர்ந்தது. என் தலையணைக்கு அடியில் இருந்ததோ தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’. நான் நடந்து போகிற அதே கும்பகோணத் தெருக்களில், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை நினைத்து உருகும் பாபுவின் கதை. அதைப் பிடிக்கும் என்று பத்தொன்பது வயதுப் பெண் அந்தக் கூடத்தில் சொல்லிவிட முடியாது.

ஆனால் சொன்ன சொல்லுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. திருமணத்துக்குப் பிறகு ‘என் சரித்திரம்’ முழுவதையும் படித்தேன். 1880-இல் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பு அதில் வருகிறது. முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்வி ஐயரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஓர் ஆள் என்ன படித்திருக்கிறார் என்று விசாரிப்பது அவரை எடைபோட மட்டும் இல்லை, அவர் இன்னும் எங்கே போகவில்லை என்று அவருக்கே காட்டவும்தான் என்பதை அந்தப் பக்கங்களில்தான் கற்றேன். இன்று என்னைக் கேட்டால் ‘என் சரித்திரம்’ பிடிக்கும் என்று மனதாரச் சொல்வேன்.

‘மோகமுள்’ளும் என்னோடு வயதாகிக்கொண்டே வந்தது. பத்தொன்பதில் பாபுவின் தவிப்புதான் எனக்குக் கதை. நாற்பத்திரண்டில் மறுபடி எடுத்தபோது பாபுவின் பக்கங்கள் வேகமாக ஓடிவிட்டன. யமுனாவும் அவள் அம்மாவும் வறுமையில் கழிக்கிற ஆண்டுகளில் போய் நின்றுவிட்டேன். வாடகை, அரிசி, வருகிறவர்கள் பார்க்கும் பார்வை. இதற்கு நடுவில் தலை குனியாமல் இருக்க ஒரு பெண் என்ன விலை கொடுக்கிறாள் என்பது முன்பு கண்ணில் படவே இல்லை. ஒரு புத்தகத்தில் நமக்குப் பிடித்த இடம் நகர்ந்திருந்தால் நாமும் நகர்ந்திருக்கிறோம். இருபது வயதில் பிடித்ததை நாற்பதில் ஒரு முறையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தினமும் காலை நாளிதழ் படிக்க வருவார். பிடித்த நூல் திருக்குறள் என்பார். மேடைக்காகச் சொல்கிற பதில் என்றே நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவரிடம் என் புதிய கேள்வியைக் கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வெகுளாமை” என்றார். முப்பத்தோராவது அதிகாரம், சினம் கொள்ளாதிருத்தல். அதன் பத்துக் குறள்களையும் ஒவ்வொரு புத்தாண்டிலும் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வாராம். அவரிடம் பிரம்படி வாங்கிய ஆண்கள் எங்கள் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். ஒரு பையனின் காதில் அறைந்ததில் அவனுக்குக் கேட்கும் சக்தி குறைந்துபோனதை அவரே சொன்னார். “அதற்குப் பிறகு இருபத்தாறு ஆண்டுகள் எழுதுகிறேன் அம்மா” என்றார்.

பிடித்த புத்தகம் குணத்தின் கண்ணாடி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது மருந்துச் சீட்டு. அமைதியைப் பற்றிய நூலைக் கட்டிக்கொண்டிருப்பவர் அமைதியானவர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அவர் எதோடு போராடுகிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தப் போராட்டம் தெரிந்த பிறகு அவர்மீது எனக்கு மதிப்பு கூடியது.

என் வேலையில் நான் செய்த பெரிய தவறும் இதே தப்புக் கணக்கால் வந்ததுதான். உரக்கடை வைத்திருந்த ஒருவர் வாரத்துக்கு மூன்று துப்பறியும் நாவல்கள் எடுத்துப் போவார். எல்லாம் சின்னப் புத்தகங்கள். ஒரு நாள் நான்கைந்து பேர் இருக்கும்போது, “எத்தனை நாளைக்கு இதையே படிப்பீர்கள் அண்ணன்? கொஞ்சம் கனமானதாக எடுங்கள்” என்று சொல்லி ஒரு பெரிய நாவலை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இரண்டு வாரத்தில் ஆள் மூலம் திருப்பி அனுப்பினார். பிறகு நான்கு மாதம் அவர் நூலகத்துப் பக்கமே வரவில்லை.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகித் தஞ்சாவூரில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு முறை படுத்தால் நான்கு மணி நேரம். வெளியே நாற்காலியில் அவர். ஒரு கொலை நடந்து, யார் செய்தது என்று தெரிந்து, குற்றவாளி பிடிபட, அந்த நான்கு மணி நேரம் சரியாக இருக்கும். தன் வீட்டில் முடிவே தெரியாத ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது, முடிவுள்ள ஏதோ ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. இதை அவர் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “இல்லையம்மா, நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள்” என்றார். அந்த வாரம் அவருக்காக மூன்று நாவல்களை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். தேர்வுக்கு மனப்பாடம் செய்த விதிகள்தான். வாசகருக்கு உரியது எது என்று நூலகர் தீர்மானிக்கலாம் என அவற்றில் எங்கும் இல்லை என்பது எனக்கு அந்த உரக்கடை வாசலில்தான் உறைத்தது. அதே 1931-இல், மன்னார்குடியை ஒட்டிய மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். எங்கள் மண்ணில் புத்தகம்தான் மனிதர்களைத் தேடிப் போனது. தேடிப் போகிற இடத்தில் தராதரம் பேசக் கூடாது.

இதில் ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. ரெண்ட்ஃப்ரோ, கோல்ட்பர்க், ஜில்கா என்ற மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் புத்தகம், இசை, திரைப்பட விருப்பங்களை ஆராய்ந்து ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள்: மனித உறவு சார்ந்தவை, கலைநயம் மிக்கவை, இருண்டவை, விறுவிறுப்பானவை, அறிவு சார்ந்தவை. புதியவற்றுக்கு மனம் திறந்தவர்கள் கலை, அறிவு பக்கம் சாய்கிறார்கள் என்றும், வயது, பால், படிப்பு இவற்றைக் கழித்த பிறகும் குணத்துக்கும் விருப்பத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றும் கண்டார்கள். உளவியல் படிக்கும் என் மகள் இதை எனக்கு விளக்கினாள். நம்புகிறேன். ஆனால் அது மூவாயிரம் பேரைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது தெரிந்த சாய்வு. எதிரே நிற்கிற ஒருவரை அந்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்தால், உரக்கடைக்காரர் ‘விறுவிறுப்பு’ என்ற பெயருக்குக் கீழே அடங்கிவிடுவார். தஞ்சாவூர் நாற்காலி வெளியே நின்றுவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. விடிந்தபோது எங்கள் ஊரில் நிற்கிற தென்னையை எண்ணிவிடலாம். நூலகத்தின் பின்பக்கத்து ஓட்டுச் சாய்ப்பு மொத்தமாகப் போய்விட்டது. இரண்டு அடுக்குகள் கவிழ்ந்து, புத்தகங்கள் தண்ணீரில் கிடந்தன. கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வந்தவர் தலைமையாசிரியர். அவர் வீட்டுக் கூரையே பாதி இல்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் தாள் நெளிந்து முறுகிவிடும் என்பதால் பள்ளிக்கூடத் தாழ்வாரத்து நிழலில் வைத்தோம். கனமானவற்றை நிமிர்த்தி, பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தினோம். இடையிடையே பழைய நாளிதழ் தாள்களைச் செருகி, ஊறியதும் மாற்றினோம். மெல்லிய புத்தகங்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பளபளப்புத் தாளில் அச்சடித்த படப் புத்தகங்கள் ஒட்டிக்கொண்டு பலகையாகிவிட்டன. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது.

அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் நான் கண்டது பத்தொன்பது ஆண்டில் பதிவேடு எனக்குச் சொல்லாதது. தண்ணீருக்குள் கையை விட்ட ஒவ்வொருவரும் முதலில் ஒன்றைத் தேடினார்கள். பூங்குழலிக்காரி நேராக இரண்டாம் பாகத்துக்குப் போனார். ஊதிப் பருத்திருந்த அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கினார். கவிதையே படிக்காதவர் என்று நான் எண்ணியிருந்த கிராம உதவியாளர், கவிதை அடுக்கில் ஒரு சின்னத் தொகுப்பைத் தேடிக்கொண்டே இருந்தார். அவர் அதை ஒருமுறைகூட இரவல் எடுத்ததில்லை. நூலகத்திலேயே நின்றபடி படித்துவிட்டு வைத்துவிடுவாராம். உரக்கடைக்காரர் துப்பறியும் நாவல்களைத் தொடவே இல்லை. மனைவி தவறி அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகளின் பாட நூல்களை அள்ளிக்கொண்டு போய் வரிசையாக வைத்தார்.

பிற்பகலில் ஓர் ஆத்தா வந்தார். நடவுக்கும் களைக்கும் போகிறவர். எழுத்துத் தெரியாது, கைநாட்டுதான். “அந்தப் பச்சை அட்டைப் புத்தகம் இருக்கிறதா பாப்பா?” என்று கேட்டார். எந்தப் பச்சை அட்டை? “என் பிள்ளை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து படிப்பானே, கோடு போட்டுக்கொண்டு.” எனக்குப் புரிந்தது. குரூப் 4 தேர்வுக்கான பொது அறிவுத் தொகுப்பு. அவர் மகன் இரண்டு ஆண்டு அதை வைத்துக்கொண்டு படித்தான். நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடு போடக் கூடாது என்று நானே திட்டியிருக்கிறேன். ஒன்றரை மதிப்பெண்ணில் வேலை தவறிப்போய், கடன் வாங்கிச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஆத்தாவும் நானும் தேடினோம். கவிழ்ந்த அடுக்கின் அடியில் இருந்தது. அட்டை பிரிந்து, முதல் நாற்பது பக்கம் கூழாகிவிட்டிருந்தது. அவர் அதை வாங்கி, முந்தானையில் ஒற்றி ஒற்றி எடுத்தார்.

பிடித்த புத்தகம் உள்ளவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதை வைத்திருந்த கையை அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். அதனால் இப்போது இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: யார் கொடுத்தது, அல்லது யார் படித்துக் கேட்டீர்கள்? பெரியவர்கள் பலரிடம் இந்தக் கேள்விதான் வேலை செய்கிறது. தாத்தா வாசிக்கக் கேட்டது, சின்ன அக்கா திருமணமாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது என்று பதில் நீளும்.

இன்னும் சில பழக்கங்கள் எனக்கு ஏற்பட்டன. நாலு பேர் முன்னால் கேட்பதில்லை. கூட்டத்தில் எல்லோரும் நான் கூடத்தில் சொன்னதுபோல் மரியாதையான பெயரைத்தான் சொல்வார்கள். பாதியில் மூடிய புத்தகத்தையும் விசாரிப்பேன். லாரி ஓட்டுகிற ஒரு தம்பி எல்லாக் காதல் கதைகளையும் கடைசி இருபது பக்கம் படிக்காமலே திருப்பித் தருவான். “சேர்ந்து இருக்கும்போதே மூடிவிடுவேன் அக்கா.” மாதத்தில் இருபது நாள் வீட்டில் இல்லாதவன் அவன். பரிசாகப் புத்தகம் கொடுப்பதானால் எனக்குப் பிடித்ததைக் கொடுப்பதில்லை. அவர் திரும்பிப் போகிற இடத்தை விசாரித்து, அதை ஒட்டிய இன்னொன்றைத் தேடுவேன். பூங்குழலியை விரும்பிய பெண்ணுக்கு வரலாற்று நாவல்களை அடுக்காமல், தனியாகப் பயணம் போனவர்கள் எழுதிய நூல்களை எடுத்து வைத்தேன். அவற்றை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ஒரு முறை வரன் பார்க்கும் வீட்டைச் சேர்ந்த அம்மாள் வந்து, “இந்தப் பெண் என்ன மாதிரிப் புத்தகம் எடுக்கிறாள்?” என்று மெதுவாகக் கேட்டார். பதிவேடு மேசைமேல் திறந்திருந்தது. நான் மூடி வைத்தேன். “அதைச் சொல்கிற வழக்கம் இல்லை அம்மா, அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்” என்றேன். அவருக்குக் கோபம். ஊரில் நான் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. வரட்டும். புத்தகம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் அதைப் பூட்டி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரின் விருப்பத்திலிருந்து நான் புரிந்துகொண்டதை அவரிடமேகூடச் சொல்வதில்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

தேறாத புத்தகங்களுக்குப் பட்டியல் எழுதி அனுப்பி, மேலிடத்திலிருந்து ஒப்புதல் வர ஓராண்டுக்கு மேல் ஆனது. பச்சை அட்டைப் புத்தகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. கழித்த பிறகு அதை ஆத்தா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உடனே பேரனைக் கூப்பிட்டு, சிங்கப்பூருக்கு வீடியோ அழைப்பு போடச் சொன்னார். கைபேசிக்கு நேராக ஒரு பக்கத்தைப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்; பேரன் திருப்பி வைத்தான்.

“இந்தக் கோடு நீ போட்டதுதானே, பார்த்துச் சொல்” என்றார்.

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு அவன், மழை நீர்க் கறைக்கு மேலே தெரிந்த வரியை, தமிழ்நாட்டு ஆறுகளின் பெயர்களை, ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினான்.